பேசாத பிள்ளையோடு உளவியலாளர் விளையாடிக்கொண்டே இருப்பது ஏன்?

கோண்டாவில் தாய்:

வணக்கம் உறவுகளே. எங்கள் மகளுக்கு ஆறு வயது. தரம் 1 இல் படிக்கிறாள். வீட்டில் அம்மம்மாவோடும் தம்பியோடும் ஓயாமல் கதைக்கும் பிள்ளை, பாடசாலை வாசலைத் தாண்டியதும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. கழிவறைக்குப் போக வேண்டியிருந்தாலும் ஆசிரியையிடம் கேட்பதில்லை. வகுப்பாசிரியையின் வற்புறுத்தலால் சிறுவர் உளவியலாளர் ஒருவரிடம் கூட்டிச் செல்லத் தொடங்கியுள்ளோம். அவரோ பிள்ளையிடம் எதையும் கேட்காமல், பாயில் இருந்து களிமண்ணும் பொம்மைகளுமாக விளையாடுகிறார். கேள்விகள் எல்லாம் எங்களுக்குத்தான்: பிள்ளை எப்போது நடந்தாள், யாரோடு உறங்குகிறாள், வெளிநாட்டிலிருக்கும் தகப்பனோடு எப்படிக் கதைக்கிறாள் என்றெல்லாம் விசாரிக்கிறார். அறைக்குள் நடந்ததைக் கேட்டால் முழுவதையும் சொல்வதில்லை. மாமியாரோ, "பெட்டைக்குக் கூச்சம், வளர வளரச் சரிவரும், உங்கை கொண்டுபோய்ப் பெயரைக் கெடுக்காதையுங்கோ" என்கிறார். இதைத் தொடரலாமா?

உளவளத்துணையாளர், நல்லூர்:

அம்மா, பிள்ளையைப் பார்க்காமல் இன்ன நிலை என்று நான் சொல்ல முடியாது. செவிப்புலனையும் மொழிவளர்ச்சியையும் பரிசோதித்துவிட்டார்களா என்பதை மட்டும் முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் விவரிப்பது தெரிவுப் பேசாமை (selective mutism), அதாவது சில இடங்களில் நன்றாகக் கதைக்கும் பிள்ளைக்கு வேறு சில இடங்களில் பேச முடியாமற்போகும் நிலையை ஒத்திருக்கிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013 ஆம் ஆண்டு வகைப்பாடு அதைப் பதற்றக் கோளாறுகளுள் சேர்த்திருக்கிறது. பிடிவாதத்தால் வாய் மூடியிருக்கும் பிள்ளை அல்ல இது. அந்த இடத்தில் குரல் எழாத அளவுக்கு அஞ்சும் பிள்ளை. பாடசாலையில் சேர்ந்த முதல் மாதத்தில் வாய் திறக்காத பிள்ளைகள் பலர் உண்டு என்பதால் அந்த மாதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் பின்னும் நீடித்தால், வளர வளரச் சரியாகும் என்று காத்திருப்பது நல்லதல்ல.

கேள்வி கேட்காதிருப்பது திட்டமிட்ட செயல். பேச அஞ்சும் பிள்ளைக்கு ஒவ்வொரு கேள்வியும் ஒரு நெருக்குதல். பதில் வராதபோது பக்கத்தில் நிற்கும் அம்மாவோ அண்ணனோ அவளுக்காகச் சொல்லிவிட, பிள்ளைக்கு ஆறுதல் கிடைக்கிறது, மௌனம் இன்னும் இறுகுகிறது. ஆகவே உளவியலாளர் "நீ சிவப்புக் களிமண்ணை எடுத்துவிட்டாய்" என்பதுபோல நடப்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். பிள்ளை அவரை நம்பத் தொடங்கிய பிறகுதான் "யானை வேண்டுமா, மாடு வேண்டுமா" போன்ற கேள்விகள் வரும். கேட்டபின் சில விநாடிகள் பொறுமையாகக் காத்திருப்பார். அடுத்த படியாக, ஆளில்லாத வகுப்பறையில் நீங்களும் மகளும் விளையாடிக் கதைத்துக்கொண்டிருக்க, ஆசிரியை முதலில் வாசலில் நின்று, பிறகு மெல்ல உள்ளே வந்து சேர்ந்துகொள்ளும் பயிற்சியும் செய்வதுண்டு. பிள்ளை அச்சமின்றிக் கதைக்கும் ஆள் நீங்கள் என்பதால், இதில் முக்கிய வேலை உங்களுடையது. குடும்பத்தைப் பற்றி இத்தனை விசாரிப்பதும் இதற்காகவே. உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல.

அறைக்குள் நடந்ததில் ஒரு பகுதியைச் சொல்லாதிருப்பதும் முறையே. தான் வரைந்த படமும் ஆடிய ஆட்டமும் அன்று மாலையே மாமிமார் வரை போய்ச் சேரும் என்றால் எந்தப் பிள்ளையும் மனம் திறக்காது. ஆனால் பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்வதாகவோ ஆபத்து இருப்பதாகவோ தெரிந்தால், அதை மறைத்து வைக்கக்கூடாது. அப்படியான சந்தேகம் உங்களுக்கே எழுந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

ஆரம்பப்பிரிவு ஆசிரியை, தெல்லிப்பழை:

வகுப்பறைப் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். முதற்சொல் வெளிவரும் நாளில் "ஆ, பிள்ளை கதைச்சிட்டாள்!" என்று வகுப்பே கைதட்டினால், அடுத்த சொல்லுக்குப் பல வாரம் காத்திருக்க நேரிடும், கேட்டும் கேளாததுபோலப் பாடத்தைத் தொடர்வதே சிறந்தது. கழிவறைக்குப் போகவும் தண்ணீர் குடிக்கவும் காட்டக்கூடிய அட்டை ஒன்றை மேசையில் வைத்துவிடச் சொல்லுங்கள். அந்த அவஸ்தையை முதலில் தீர்க்க வேண்டும். வாணி விழாவில் தனியே மேடையேற்றிக் கூச்சம் போக்குவோம் என்று யாராவது புறப்பட்டால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். கூட்டாகப் பாடும் தேவாரத்தில் உதடசைக்க விட்டாலே போதும். (தரம் 1 பிள்ளைக்கே தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக் கதை கதைக்கும் ஊரில் இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதல்ல என்பதும் எனக்குத் தெரியும்.)

ஒரு தகப்பன், சாவகச்சேரி:

மேலே சொல்லப்பட்டவற்றை மறுக்கவில்லை. ஆயினும் "நம்பிக்கை வரட்டும்" என்ற ஒரே பதிலோடு பெற்றோரை மாதக்கணக்கில் வெளி வாங்கில் இருத்தி வைப்பதை நான் ஏற்கமாட்டேன். பிள்ளை சொன்னதைக் கேட்க எங்களுக்கு உரிமை இல்லாதிருக்கலாம். சிகிச்சையின் இலக்கு என்ன, இப்போது எந்தப் படியில் நிற்கிறோம், வீட்டில் என்ன செய்யவேண்டும், எப்போது மீளாய்வு செய்வோம் என்பவற்றைக் கேட்கும் உரிமை உண்டு. அதற்கும் தெளிவான பதில் வராவிட்டால், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவில் இன்னொரு கருத்தைக் கேளுங்கள். மாமியாரையும் ஒருமுறை கூட்டிச் செல்லுங்கள். உளவியலாளர் வாயால் கேட்டால் அவருடைய பயமும் குறையலாம்.

கோண்டாவில் தாய்:

அனைவருக்கும் நன்றி. இலக்கையும் மீளாய்வையும் பற்றி அடுத்த சந்திப்பில் கேட்கிறேன். மகள் தகப்பனோடு வீடியோ அழைப்பில் உரக்கச் சிரித்துக் கதைப்பதைப் பதிவுசெய்து ஆசிரியைக்குக் காட்டலாமா?

உளவளத்துணையாளர், நல்லூர்:

உளவியலாளருக்குக் காட்டுங்கள், வீட்டில் எப்படிக் கதைக்கிறாள் என்பதை அறிய அது மிகவும் பயன்படும். ஆனால் ஒளித்துப் பதிவுசெய்யவேண்டாம், மகளிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஆசிரியைக்குக் காட்டுவது மகள் சம்மதித்த பிறகே. மற்றப் பிள்ளைகள் முன்னால் ஒருபோதும் போட்டுக்காட்டக் கூடாது. தகப்பனும் ஒரு சந்திப்பில் அழைப்பு வழியாகக் கலந்துகொள்ள முடியுமா என்று கேட்டுப்பாருங்கள், அவர் அங்கிருந்து "இண்டைக்கு ரீச்சரோடை கதைச்சனியோ?" என்று ஒவ்வொரு நாளும் விசாரிப்பவராக இருந்தால், அதை நிறுத்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.