ஆறில் மூன்று விருப்பப் பாடங்கள்: எதை எடுப்பது?

கேள்வி (முதுகலை மாணவன்)

வணக்கம். கட்டமைப்புப் பொறியியல் முதுகலை படிக்கிறேன். அடுத்த செமஸ்டருக்கு இந்த ஆறில் மூன்றை எடுக்க வேண்டும்: கட்டமைப்பு டைனமிக்ஸ் (அதிர்வுக் கணக்கு), ஃபைனைட் எலிமென்ட் முறை (கட்டமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுவது), ப்ரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் (எஃகுக் கேபிளை இழுத்து அமுக்கிவைத்த கான்கிரீட்), எஃகுக் கட்டமைப்புகளின் ஸ்டெபிலிட்டி (அமுக்கத்தில் நிலைகுலையாமல் நிற்பது), பாலப் பொறியியல், நிலநடுக்கப் பொறியியல்.

உயரமான கட்டடங்களை டிசைன் செய்யும் வேலைக்குப் போக ஆசை. அதனால் நிலநடுக்கம், ப்ரீஸ்ட்ரெஸ்டு, பாலம் என்று நினைத்திருக்கிறேன். ஃபைனைட் எலிமென்ட்டை மென்பொருளே பார்த்துக்கொள்கிறதே, அதைத் தனியாகப் படிக்க வேண்டுமா? கணக்கில் நான் சுமார்தான். தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

பதில் 1 (டிசைன் அலுவலகத்தில் இருப்பவர்)

தம்பி, டைனமிக்ஸ் படிக்காமல் நிலநடுக்கப் பாடத்துக்குள் போகாதீர்கள். அங்கே முதல் வாரமே ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம் வரும். அந்த வளைவின் ஒவ்வொரு புள்ளியும், குறிப்பிட்ட அலைவு நேரமுள்ள ஒரு எளிய அதிர்வி அந்த நில அசைவில் அதிகபட்சம் எவ்வளவு ஆடும் என்பதைச் சொல்கிறது. அது புரியாவிட்டால் விதிநூல் வரைபடத்திலிருந்து எண்ணை எடுத்துப் போடுவதோடு நின்றுவிடுவீர்கள்.

மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்பதை நான் ஏற்க மாட்டேன். 1991இல் நார்வேயில் ஸ்லைப்னர் ஏ என்ற எரிவாயு மேடையின் கான்கிரீட் அடித்தளம் கடலில் மூழ்கியது. ஃபைனைட் எலிமென்ட் மாதிரியில் சுவர்கள் சந்திக்கும் இடத்தில் மெஷ் (துண்டுகளாகப் பிரித்த வலை) சரியில்லை. ஷியர் விசை (குறுக்கே வெட்டும் விசை) 47 சதவீதம் குறைவாகக் கணக்கில் வந்தது, கம்பியும் போதவில்லை. விபத்துக்குப் பின் நுணுக்கமாகப் போட்ட கணக்கு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில். அதாவது கருவி சரியாகத்தான் இருந்தது, அதனிடம் கொடுத்த மாதிரிதான் தப்பு. எந்த இடத்தில் மெஷ்ஷை நம்பக் கூடாது என்பதை அந்தப் பாடம்தான் கற்றுத் தரும்.

ப்ரீஸ்ட்ரெஸ்டு, பாலம் போல விதிநூல் பார்த்து டிசைன் செய்வதை வேலையில் ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்ளலாம். தியரியை அங்கே உட்கார்ந்து சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது.

பதில் 2 (எஃகு டிசைன் செய்பவர்)

மேலே சொன்னதோடு ஸ்டெபிலிட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1907இல் கட்டுமானத்திலேயே சரிந்த கனடாவின் கியூபெக் பாலத்தில் 75 பேர் இறந்தார்கள். அமுக்கத்தில் இருந்த கீழ்ப்புற உறுப்புகள் பக்லிங் ஆனதுதான் (அமுக்கம் தாங்காமல் பக்கவாட்டில் வளைந்ததுதான்) தொடக்கம். உயரக் கட்டடத்திலும் இதே பிரச்சினை வேறு உருவத்தில் வரும்: பக்கவாட்டில் சற்று நகர்ந்த தளத்தின் எடையே கூடுதல் வளைவுத் திருப்பத்தை உண்டாக்கும். அதைத்தான் பி-டெல்டா விளைவு என்கிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பதில் 1இலிருந்து மாறுபடுகிறேன். ப்ரீஸ்ட்ரெஸ்டு பாடத்தை லேசாக விட்டுவிட வேண்டாம். உயரக் கட்டடங்களின் தளங்களில் போஸ்ட் டென்ஷனிங் (கான்கிரீட் இறுகிய பின் கேபிளை இழுத்துப் பிடிப்பது) நிறையவே வருகிறது. கேபிளின் பாதை, காலப்போக்கில் இழுவிசை குறைவது இரண்டையும் வகுப்பில் படிப்பது நல்லது.

கேட்டவர்

மிக்க நன்றி. ஆனால் டைனமிக்ஸ் கணக்கை நினைத்தால்தான் பயம்.

பதில் 1

சேர்வதற்கு முன்பே ஒன்றைச் செய்து பாருங்கள். அடியில் இறுகப் பிடித்த ஒரு தூண், உச்சியில் ஒரு எடை; தூணின் சொந்த எடையை விட்டுவிடுங்கள். பக்கவாட்டு விறைப்பு 3இஐ வகுத்தல் உயரத்தின் மும்மடி (இ பொருளின் மீள்தன்மைக் குணகம், ஐ குறுக்குவெட்டின் வடிவத்தைப் பொறுத்த எண்). உயரத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகும், அலைவு நேரம் சுமார் 2.8 மடங்காகும். இது ஏன் என்று உங்களுக்கே விளங்கினால் முதல் மாதப் பாடம் பாதி முடிந்த மாதிரி. அப்புறம் இரண்டு மாடிச் சட்டகத்தை இரண்டுக்கு இரண்டு அணியாக (மேட்ரிக்ஸ்) எழுதிக் கையால் போடுங்கள். அதே அணிக் கணக்குதான் ஃபைனைட் எலிமென்ட்டிலும் வரும், ஒரு உழைப்பு இரண்டுக்கும் ஆகும்.

எந்தப் பாடம் மறுபடி எப்போது வரும் என்றும் துறையில் கேட்டுவிடுங்கள்.

கேட்டவர்

கேட்டுவிட்டேன். நிலநடுக்கமும் ப்ரீஸ்ட்ரெஸ்டும் மூன்றாம் செமஸ்டரில் உண்டு, ஸ்டெபிலிட்டி இப்போது விட்டால் கிடைக்காது. ஆகவே டைனமிக்ஸ், ஃபைனைட் எலிமென்ட், ஸ்டெபிலிட்டி என்று பதிவு செய்துவிட்டேன். தூண் கணக்கும் வந்துவிட்டது. விறைப்பு எட்டில் ஒன்று, ஆகவே எட்டின் வர்க்கமூலம்தான் அந்த 2.8.

பதில் 2

சரியான தேர்வு. இரண்டு மாடிக் கணக்கில் மாட்டினால் இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.