பேரிங் மட்டும் மாத்தினா போதுமா, ஃபைபரைத் திறக்கணுமா?

துடுப்பு:
6 மீட்டர் ஃபைபர் படகு, உள்ளே டீசல் எஞ்சின், அதுல இருந்து புரொப்பல்லருக்குப் போற 25 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட். கரையேத்தி, புரொப்பல்லர் பக்கம் ஷாஃப்டைப் பிடிச்சு ஆட்டினா 2 மி.மீ. ஆட்டம் இருக்கு. குழாய்க்குள்ள ஷாஃப்டைத் தாங்குற ரப்பர் பேரிங் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடிதான் மாத்தினது. அது போக, ஷாஃப்ட் குழாய் படகை விட்டு வெளியே வர்ற இடத்துல ஃபைபர்ல ஒரு மெல்லிய விரிசல், ஒரு சாண் நீளம். கரைக்கு வந்து நாலு நாளாச்சு, இன்னும் அதுல ஈரம் ஊறிக்கிட்டே இருக்கு. பேரிங்கை மாத்தி, விரிசல்ல எபாக்சி புட்டி வெச்சு இறக்கிடலாமா, இல்ல ஃபைபரைத் திறந்து பார்க்கணுமா?

பட்டறைவாசி:
தம்பி, பேரிங்கை மாத்துங்க, அதுல யோசிக்க ஒண்ணுமில்ல. 25 மி.மீ. ஷாஃப்டுக்கு ஒன்றரை மி.மீ. ஆட்டம் தாண்டிட்டாலே அந்த பேரிங் முடிஞ்சது. ரப்பர் தேயறதுக்குன்னே இருக்கிற பொருள். மணலும் சேறும் கலந்த தண்ணியில ஓட்டினா ரெண்டு வருஷம் உழைச்சதே பெருசு.

கழட்டும்போது சுத்தியலைத் தொடாதீங்க. பக்கவாட்டுல பூட்டு ஸ்க்ரூ இருக்கும், பல சமயம் பெயிண்ட்டுக்கு அடியில மறைஞ்சிருக்கும். அதைத் தேடி எடுத்துட்டு புல்லர் போட்டு இழுங்க. வரலைன்னா ஷாஃப்டை உருவிட்டு, ஹாக்ஸா பிளேடை உள்ளே விட்டு பேரிங்கோட பித்தளை உறையை நீளவாக்குல அறுங்க. முழுசா அறுபடறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திட்டா உறை உள்பக்கமா மடங்கி வந்துடும், குழாய்க்கும் காயம் படாது. சூடு மட்டும் காட்டாதீங்க, சுத்தி ஃபைபர் நாரைப் பிடிச்சிருக்கிற ரெசின் (பிசின்) இளகிடும். விரிசலைக் கொஞ்சம் வாய் திறந்து, காயவெச்சுப் புட்டி வைங்க. இப்படிப்பட்ட கோடு பெரும்பாலும் ஜெல்கோட்டோட, அதாவது வெளிப்பூச்சோட, நின்னுடும்.

நீரோட்டம்:
கழட்டுற முறை எல்லாம் சரி. ஆனா அந்தக் கடைசி வரியை என்னால ஒத்துக்க முடியல. ஜெல்கோட்டோட நின்ன விரிசல் நாலு நாளா ஊறாது. உள்ளே அடுக்குக்குள்ள தண்ணி தேங்கியிருந்தாத்தான் இப்படி வரும். பேரிங் சீக்கிரம் தேஞ்சதும் இந்த விரிசலும் ஒரே நோயோட ரெண்டு அறிகுறின்னு எனக்குத் தோணுது.

துடுப்பு, பழைய பேரிங்கை வெளியே எடுத்ததும் தூக்கிப் போடாதீங்க. தேய்மானம் சுத்தி ஒரே சீரா இருந்தா மணல்தான் காரணம். முன்முனையில மேல்பக்கமும் பின்முனையில கீழ்பக்கமும் தேஞ்சிருந்தா ஷாஃப்ட் பேரிங்குக்குள்ள சாய்வா ஓடியிருக்கு. எடுக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் செய்ங்க: ஒருத்தர் ஷாஃப்டை மரக்கட்டையால நெம்பட்டும், நீங்க குழாயும் ஃபைபரும் சேர்ற இடத்துல விரலை வைங்க.

பட்டறைவாசி:
நீரோட்டம், நீங்க சொல்ற சாய்வு எஞ்சினைத் தாங்குற மவுண்ட் இறங்கினாலும் வரும். ரப்பர் மவுண்ட் நாளாக நாளாக அமுங்கத்தான் செய்யும். எஞ்சினும் ஷாஃப்டும் சேர்ற கப்ளிங்ல, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் வெச்சு எஞ்சினைத் தூக்கி இறக்கினா தீர்ந்துடுற வேலை அது. அதுக்காக நல்ல அடிப்பகுதியில கிரைண்டர் வைக்கச் சொல்றீங்களே! கோடு மாதிரி இருந்த விரிசலைத் துரத்திக்கிட்டே போய், படகுல பெரிய ஓட்டையைப் போட்டுட்டு நின்னவங்களை நான் பார்த்திருக்கேன். முதல்ல சின்ன வேலையைச் செஞ்சு பார்க்கட்டுமே.

நீரோட்டம்:
அண்ணே, எஞ்சினை எதுக்கு நேரா வைக்கப் போறோம்? ஷாஃப்டுக்கு. ஷாஃப்டைப் பிடிச்சிருக்கிறது பேரிங், பேரிங்கைப் பிடிச்சிருக்கிறது குழாய், குழாயைப் பிடிச்சிருக்கிறது ஃபைபர். அந்தப் பிடி விட்டுப்போயிருந்தா, இன்னிக்கு நேரா வெச்ச எஞ்சின் நாளைக்கு புரொப்பல்லர் தள்ளும்போது நேரா இருக்காது. புதுப் பேரிங்கையும் அது தின்னுடும். புட்டிக்குள்ள நார் கிடையாது, ஆடுற இடத்துல அது தாங்காது. எனக்கு இது அனுபவம். முன்னாடி வெச்சிருந்த படகுல புட்டி வெச்சு இறக்கினேன், ஒரே பருவத்துல அதே இடத்துல அதே விரிசல்.

துடுப்பு:
பார்த்துட்டேன். நெம்பும்போது குழாய் ஃபைபரோட சேராம தனியா அசையுது, விரல்ல தெளிவாத் தெரியுது. ஸ்க்ரூடிரைவர் பிடியால சுத்தித் தட்டினேன். மத்த இடத்துல கணீர்னு கேக்குது, விரிசலைச் சுத்தி உள்ளங்கை அகலத்துக்கு மொத்துன்னு கேக்குது. பேரிங்கை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. முன்னாடி மேல்பக்கம், பின்னாடி கீழ்பக்கம், ரப்பர் கிட்டத்தட்ட இல்ல.

பட்டறைவாசி:
குழாய் அசையுதுன்னா என் பேச்சை விட்டுடுங்க தம்பி, திறந்துதான் ஆகணும். ஆனா கடைக்காரங்க சொல்றாங்கன்னு எபாக்சி ரெசினுக்குப் போகாதீங்க. படகு பாலியஸ்டர்ல செஞ்சது, பாலியஸ்டர் ரெசினும் மேட்டுமே (கண்ணாடி நார் விரிப்பு) போதும். எபாக்சி மேல பிற்பாடு ஜெல்கோட் சரியாப் பிடிக்காது.

நீரோட்டம்:
படகு செய்யும்போது ஒரு அடுக்கு இறுகறதுக்குள்ள அடுத்த அடுக்கு விழுந்தது, ரெண்டும் ஒண்ணாக் கலந்தது. இப்ப பழைய ரெசின் முழுசா இறுகிப்போச்சு. புதுசு அதுமேல ஒட்டித்தான் நிக்கணும், ஒட்டுற பலத்துல பாலியஸ்டர் எபாக்சிக்குப் பக்கத்துல வராது. தண்ணிக்கு அடியில ஜெல்கோட்டும் அவசியமில்ல, எபாக்சி பிரைமரும் அடிப்பகுதிப் பெயிண்ட்டும் போதும். சாதாரண மேட்டைத் தவிர்த்துடுங்க: அதோட நாரை ஒட்டவெச்சிருக்கிற பசை பாலியஸ்டர்ல இருக்கிற ஸ்டைரீன்ங்கிற திரவத்துலதான் கரையும், எபாக்சியில விறைப்பாவே நிக்கும். ரெண்டு திசையில நார் வெச்சுத் தைச்ச பைஆக்சியல் துணி வாங்குங்க.

கணீர்னு கேக்குற இடம் வரைக்கும் அரைச்சு எடுங்க. ஓரத்தைச் செங்குத்தா விடாம 1-க்கு 12 சரிவாக் கொண்டு போகணும், 6 மி.மீ. தடிமன்னா சுத்திலும் 72 மி.மீ. அப்புறம் நல்ல தண்ணியால திரும்பத் திரும்பக் கழுவி உப்பை எடுத்துட்டு, காய விடுங்க. ராத்திரி ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி வைங்க, காலையில உள்ளே பனிச்சிருந்தா இன்னும் காயலைன்னு அர்த்தம். இங்க அவசரப்பட்டீங்கன்னா மீதி எல்லாம் வீண்.

குழாயை ஒட்டும்போது புதுப் பேரிங்கும் ஷாஃப்டும் உள்ளே இருக்கணும், கப்ளிங் நேரா இருக்கணும். எபாக்சி வழியக்கூடிய இடத்துலெல்லாம் மெழுகு தடவிட்டு, ஆப்பு வெச்சுக் குழாயை நிறுத்தி, அந்த நிலையிலேயே ஒட்டுங்க. ஒரேயடியாத் தடியாப் போட்டா சூடேறிப் பாழாகும். இறுகின அடுக்கு மேல மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், தண்ணியால தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் உப்புத்தாள் போடணும்.

ஆழிமகள்:
குறுக்கே பேசறதுக்கு மன்னிக்கணும். இந்தப் பேரிங்குக்குத் தண்ணிதான் எண்ணெய், ரப்பர்ல இருக்கிற பள்ளங்கள் அதுக்காகத்தான். குழாய்க்குள்ள தண்ணி போற துளை இருந்தா அதை எபாக்சியோ பெயிண்ட்டோ அடைச்சுடாமப் பார்த்துக்கங்க. ஷாஃப்டையும் நல்ல வெளிச்சத்துல பாருங்க. பேரிங் உக்கார்ற இடத்துல பள்ளமோ துருத் துளையோ இருந்தா புது ரப்பரும் நிக்காது. தேங்கின தண்ணியில ஸ்டெயின்லெஸும் அரிக்கும். அரைக்கும்போது நல்ல வடிகட்டி மாஸ்க், ரெசின் கலக்கும்போது கையுறை. எபாக்சி ஒவ்வாமை ஒருதரம் வந்துட்டா உடம்பை விட்டுப் போகாது.

பட்டறைவாசி:
ரெசின் விஷயத்துல என் கருத்து மாறல, ஆனா நீரோட்டம் சொன்ன வரிசை சரி. ஒண்ணு சேர்த்துக்கறேன். பேரிங்கைக் குழாய்க்குள்ள எபாக்சி போட்டு ஒட்டிடாதீங்க, அடுத்த தடவை கழட்டறவன் கண்ணீர் விடுவான். ஃப்ரீசர்ல வெச்சுக் குளிரவெச்சு, சோப்புத் தண்ணி தடவித் தள்ளுங்க. பூட்டு ஸ்க்ரூ உறையை அமுக்கக் கூடாது, அதுக்கு ஒரு சின்னக் குழி எடுத்து அதுல உக்கார வைங்க.

கரையில பார்த்த அலைன்மென்ட்டை (எஞ்சினும் ஷாஃப்டும் நேரா இருக்கறதை) நம்பாதீங்க. தண்ணியில இறங்கினதும் படகு உடம்பு கொஞ்சம் வளையும். ஒரு நாள் மிதக்க விட்டுக் கப்ளிங்கைப் பிரிச்சு நாலு இடத்துல இடைவெளி பாருங்க. 100 மி.மீ. கப்ளிங்குக்கு வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள்ள இருக்கணும். அப்புறம் ஷாஃப்டை மட்டும் அரைச் சுத்து திருப்பி மறுபடி பாருங்க. இடைவெளி ஷாஃப்டோட சேர்ந்து நகர்ந்தா கோளாறு ஷாஃப்ட்லயோ அதோட ஃப்ளாஞ்ச்லயோ (ஷாஃப்ட் பக்கத்துக் கப்ளிங் தட்டு) இருக்கு, எஞ்சினைத் தொட்டுப் பிரயோஜனமில்ல.

துடுப்பு:
இன்னிக்கு அரைக்க ஆரம்பிச்சேன். விரிசலுக்கு உள்ளே ரெண்டு அடுக்கு தனித்தனியா நின்னுச்சு, நடுவுல கறுப்புத் தண்ணி. ஷாஃப்ட்ல பேரிங் இடத்துல நகம் தட்டுப்படுற அளவுக்குப் பள்ளம் இருக்கு, நாளைக்கு லேத்துல கொடுத்து வளைவும் பார்க்கச் சொல்றேன். கழுவிட்டுப் பிளாஸ்டிக் தாள் ஒட்டியாச்சு. எபாக்சிதான் எடுக்கறேன் அண்ணே, கோவிச்சுக்காதீங்க. தாள் பனிக்காத காலையில எழுதறேன்.