உக்ரைன் சண்டை முடியவே இல்ல, சமையல் எண்ணெய் விலை மட்டும் ஏறுது இறங்குது மறுபடி ஏறுது, ஏன்?

பஜ்ஜிக்கடை_திண்டுக்கல்
வணக்கம் மக்களே. சாயங்காலம் பஜ்ஜி போண்டா போடுற தள்ளுவண்டி நம்மளது. உலக அரசியல் பேசுற ஆள் இல்ல நான், ஆனா 2022 பிப்ரவரில ரஷ்யாக்காரன் உக்ரைனுக்குள்ள போனதும் அடுத்த மாசமே சூரியகாந்தி எண்ணெய் எகிறிருச்சு, சரின்னு பாமாயிலுக்கு மாறினா அதுவும் கூடவே ஏறுது. சண்டைன்னா ஏறத்தான் செய்யும்னு விட்டுட்டேன். ஆனா 2023ல நல்லா இறங்குச்சே, சண்டை நடந்துக்கிட்டுதான இருந்துச்சு? அப்புறம் 2024 செப்டம்பர்ல உக்ரைன்ல புதுசா எதுவும் ஆன மாதிரி தெரியல, ஒரே வாரத்துல டின்னுக்கு கூசாம ஏத்திட்டாங்க. கடைக்காரர்கிட்ட கேட்டா "எல்லாம் உக்ரைன்தான் தம்பி"ங்கிறார். நிஜமாவா, இல்ல உக்ரைன் பேரச் சொல்லி வேற எவனாச்சும் திங்கிறானா?

மண்டிக்காரன்_விருதுநகர்
தம்பி, 2022க்கு உக்ரைன் காரணம்தான், அதுல பொய் இல்ல. சண்டைக்கு முன்னாடி நம்ம வாங்கின சூரியகாந்தி எண்ணெய்ல சுமார் 70 சதவீதம் அங்கிருந்துதான் வந்துச்சு, கருங்கடல் துறைமுகம் மூடினதும் சரக்கு அப்படியே நின்னுபோச்சு. அதே நேரத்துல டாலரும் ஏறுச்சு, 75 ரூபா சுத்தி இருந்தது வருஷக் கடைசில 82க்கு மேல, நாம வாங்குறது டாலர்லதான, அது தனி அடி. அந்த வருஷம் ஜூலைல துருக்கியும் ஐநாவும் நடுவுல நின்னு கப்பல் போக ஒப்பந்தம் போட்டாங்க, தேங்கிக் கிடந்ததெல்லாம் மொத்தமா வெளிய வந்துச்சு, ரஷ்யாக்காரனும் தள்ளிவிட்டான், விலை இறங்குச்சு. 2023 ஜூலைல ரஷ்யா அந்த ஒப்பந்தத்த விட்டு விலகினப்போ மறுபடி ஏறும்னு சரக்கு பிடிச்சு வச்சவங்க நெறைய பேர், பெருசா ஏறல, கைய சுட்டுக்கிட்டாங்க (நானும்தான், அத விடுங்க). இப்போ நமக்கு சூரியகாந்தி அதிகமா குடுக்குறதே ரஷ்யாதான், சண்டை போடுற ரெண்டு பேர்கிட்டயும் வாங்கித்தான் நாம சமைக்கிறோம்.

ஆனா 2024 செப்டம்பர் உக்ரைன் இல்ல, டெல்லி. செப்டம்பர் 14ல இறக்குமதி வரிய தூக்கினாங்க, சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கு எல்லாம் சேர்த்து 5.5 சதவீதமா இருந்தது 27.5 ஆச்சு. ஏன்னா நம்ம சோயா விவசாயிக்கு விலை இல்ல: சோயாபீனுக்கு அரசாங்கம் சொன்ன ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபா, சந்தைல அதுக்கும் கீழ போய்ட்டு இருந்துச்சு, மகாராஷ்டிரால நவம்பர்ல எலெக்‌ஷன் வேற. 2025 மே கடைசில வரிய 16.5க்கு குறைச்சாங்க. உங்க கடைக்காரர் வரி ஏறின அன்னிக்கே விலைய ஏத்திருப்பார், குறைஞ்ச அன்னிக்கு "பழைய சரக்கு இன்னும் தீரல"ன்னு சொல்லிருப்பார், கரெக்டா?

பஜ்ஜிக்கடை_திண்டுக்கல்
அண்ணே அதே வார்த்தை!! சரி பாமாயில் ஏன் ஏறுச்சு, அங்க எந்த சண்டையும் இல்லையே

கிள்ளான்_செம்பனை
இத நான் சொல்றேன் அண்ணே, நான் மலேசியா. சூரியகாந்தி இல்லன்னா எல்லா நாடும் செம்பனை எண்ணெய்க்குத்தான் (நீங்க சொல்ற பாமாயில்) ஓடிவரும், உலகத்துல முக்கால்வாசிக்கு மேல இந்தோனேசியாவும் நாங்களும்தான் போடுறோம். அந்த நேரம் பார்த்து இந்தோனேசியாக்காரன் 2022 ஏப்ரல் 28ல ஏற்றுமதியவே நிறுத்திட்டான். ஏன் தெரியுமா, அங்கயும் உங்க பஜ்ஜி மாதிரி பீசாங் கோரெங் (வாழைப்பழ பஜ்ஜி), தௌகு கோரெங் (பொரிச்ச சோயாக்கட்டி)னு தெருவெல்லாம் பொரிக்கிற கடைதான், எண்ணெய் அவ்வளவு விளையுற நாட்டுல ஜனங்க எண்ணெய்க்கு கியூல நின்னாங்க. முன்னாள் அதிபர் மேகாவதி வேற எதுக்கு எல்லாத்தையும் பொரிக்கணும், அவிச்சுத் தின்னக்கூடாதான்னு கேட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. தடை ஒரு மாசம் கூட நிக்கல, பழம் விக்க முடியாம தோட்டக்காரங்க ஜகார்த்தால போராட்டம் பண்ணவும் மே 23ல எடுத்துட்டாங்க. 2025ல இந்தோனேசியாக்காரன் செம்பனை எண்ணெய 40 சதவீதம் டீசல்ல கலக்க ஆரம்பிச்சான், அதனால உங்க சட்டியும் அவன் லாரியும் ஒரே எண்ணெய்க்கு அடிச்சுக்குது.

எங்க கத வேற. 2019ல அப்போ எங்க பிரதமரா இருந்த மகாதீர் ஐநால காஷ்மீர் பத்தி பேசினார், அப்புறம் உங்க குடியுரிமைச் சட்டம் பத்தியும் பேசினார், 2020 ஜனவரில உங்க அரசாங்கம் சுத்திகரிச்ச செம்பனை எண்ணெய் இறக்குமதிக்கு கட்டுப்பாடு போட்டாச்சு. வெளிய எங்க நாட்டுப் பேரச் சொல்லல, ஆனா யாருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். நாங்க சின்ன நாடு, பதிலுக்கு எதுவும் பண்ண முடியாதுன்னு அவரே சொன்னார்.

எங்க தாத்தா பாட்டி தோட்டத்துல பால் மரம் வெட்டினவங்க, அதாவது ரப்பர் பால் எடுத்தவங்க. ரப்பர் போய் செம்பனை வந்தப்போ ஆள் குறைச்சா போதும்னு ஆச்சு, தோட்டம் துண்டாகி வித்தாச்சு, லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருந்தவங்க வெளிய. இப்போ குலை வெட்டுறது அதிகமா இந்தோனேசியா, வங்காளதேசத்து ஆளுங்க. எங்க அம்மா இன்னும் அந்த எண்ணெய தொட மாட்டாங்க, கிலோ பாக்கெட் 2.50 வெள்ளிக்கு (ரிங்கிட்) மானியத்துல கெடச்சாலும் நல்லெண்ணெய்தான். அதுவும் இந்தியாவுலேர்ந்து வந்தது லா.

கடலைக்காடு_பெருசு
எல்லாம் சரிப்பா, நாம எப்ப இப்படி அடுத்தவன் கைய பாக்க ஆரம்பிச்சோம்னு யாரும் கேக்கல. 86ல எண்ணெய் வித்துக்குன்னு தனித் திட்டம் போட்டாங்க, 90 ஆரம்பத்துல இறக்குமதி ரொம்ப கம்மி, கிட்டத்தட்ட நம்ம விளைச்சலே போதும்ங்கிற நெலம. 94ல பாமாயில தனியார் இறக்குமதிக்குத் திறந்துவிட்டான், அப்புறம் வரியையும் குறைச்சுக்கிட்டே வந்தான், எங்க மானாவாரிக் கடலைய எவன் கேட்டான்? இன்னிக்கு பாதிக்கு மேல வெளிநாட்டு எண்ணெய். ரேஷன்ல 25 ரூபாக்கு பாமாயில் வாங்கி நானும்தான் திங்கிறேன், இல்லங்கல. வரி போட்டா தம்பிக்கு வயிறு எரியுது, எடுத்தா எனக்கு எரியுது.

மண்டிக்காரன்_விருதுநகர்
பெரியவர் சொல்றது நியாயம்தான் ஆனா ஐயா, வரி போட்டதால சோயாக்காரனுக்கு விலை கெடச்சுதான்னா அதுவும் இல்ல, அதுக்கப்புறமும் பல சந்தைல ஆதரவு விலைக்கு கீழதான் போச்சு. தம்பி இன்னொன்னு, பாக்கெட் வாங்கினா எடைய பாருங்க. ஒரு லிட்டர்னா 910 கிராம் இருக்கணும், இப்போ 850, 800னு அதே சைஸ் கவர்ல வருது, இதுக்கு எந்த நாட்டு அதிபரும் பொறுப்பில்ல.

பஜ்ஜிக்கடை_திண்டுக்கல்
பாத்தேன்ணே. வீட்ல இருக்கறது 840. பெரியவரே, கடலெண்ணெய்ல போட்டா பஜ்ஜி 20 ரூபா சொல்லணும், எங்க தெருவுல 10க்கே "என்னண்ணே சைஸ் குறைஞ்சிருச்சு"ங்கிறான். குறைஞ்சது நிஜம்தான், வாழைக்காய மெலிசா சீவுறேன், நான் மட்டும் என்ன பண்றது. கிள்ளான் தம்பி, அந்த பீசாங் கோரெங்குக்கு கடலமாவா அரிசிமாவா?

கிள்ளான்_செம்பனை
அரிசிமாவும் கோதுமைமாவும் கலந்து அண்ணே, மொறுமொறுப்புக்கு கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணி. பழம் நல்லா பழுத்திருக்கணும்.