கேஸ் ஷாக் போட்டால் ஜிப்சி உயருமா? அந்த ஒரு சென்டிமீட்டர் பற்றி

பிளேட்டுக்காரன்:
நேற்று இங்கே வால்பாறை40 தன் மாருதி ஜிப்சி ஜீப்பைப் பற்றி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "ஜிப்சிக்கு நான்கு கேஸ் ஷாக் போட்டேன், வண்டி ஒரு சென்டிமீட்டர் எழும்பிவிட்டது, இனி ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதே இல்லை" என்று எழுதியிருக்கிறார், பத்துப் பேர் கைதட்டியும் இருக்கிறார்கள். கேஸ் ஷாக் என்பது எண்ணெயோடு வாயுவையும் அழுத்தி அடைத்த ஷாக் அப்சார்பர், அவ்வளவுதான். ஐயா, வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். குழியில் இறங்கி ஏறிய ஸ்பிரிங் மறுபடி மறுபடி ஆடாமல், அந்த ஆட்டத்தை எண்ணெய்க்குள் சூடாக மாற்றி அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. அது எதையும் தூக்காது. 1985-ல் முன்னும் பின்னும் பிளேட் ஸ்பிரிங்கோடு, அதாவது வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்கோடு வந்த வண்டி, 2019-ல் பொதுமக்களுக்கு விற்பது நிற்கும்வரை பிளேட்டோடுதான் வந்தது. இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன், ஷாக் மாற்றியதால் உயர்ந்த ஜிப்சியை நான் பார்த்ததில்லை. இதை நம்பி யாராவது தொய்ந்துபோன ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டு கையில் இருக்கும் காசையெல்லாம் ஷாக்கில் போடப் போகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

வால்பாறை40:
நான் எழுதியதில் பாதியைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம் என்றது என் வண்டிக்கு, அதில் பிளேட் செட் மாற்றி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. ஒரு சென்டிமீட்டர் என்பது நான் கையால் அளந்தது. சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, நான்கு சக்கரத்திலும், மாற்றுவதற்கு முன்னும் பின்னும். டயர் காற்று கூடினாலும் குறைந்தாலும் இந்த அளவு மாறாது, அதனால்தான் தரையிலிருந்து அளக்கவில்லை. முன்னால் 11 மில்லிமீட்டர், பின்னால் 9. நீங்கள் பார்த்ததில்லை என்றால் நடக்கவே இல்லை என்று ஆகிவிடுமா?

பிளேட்டுக்காரன்:
ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரம் தொங்கத் தொங்க ஷாக்கைப் பூட்டி, இறக்கி வைத்த உடனே அளந்தால் ஒரு சென்டிமீட்டர் என்ன, ஒன்றரையே காட்டும். பிளேட்டும் பிளேட்டும் உரசிக்கொண்டு நிற்கிற ஸ்பிரிங் அது, இறக்கியதும் பழைய இடத்துக்கு வந்து உட்காராது. நாலு எட்டு ஓட்டி, பம்பரை அழுத்தி ஆட்டிவிட்டு அளக்க வேண்டும். இன்னொன்று, ஸ்பிரிங் முனையைச் சட்டத்தோடு இணைக்கிற ஷேக்கிளின் போல்ட்டை சக்கரம் தொங்கும்போதே முறுக்கியிருந்தால் அதிலுள்ள ரப்பர் புஷ் முறுகிக்கொண்டு வண்டியைத் தூக்கிப் பிடிக்கும், ஆறே மாதத்தில் புஷ் கிழிந்து வரும். எடை முழுக்கச் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் அதை இறுக்க வேண்டும். எந்தப் பட்டறையில் செய்தீர்கள் என்று கேட்க மாட்டேன், ஆனால் உங்கள் ஒரு சென்டிமீட்டர் அங்கே இருந்து வந்ததுதான்.

வால்பாறை40:
ஷேக்கிளில் ஸ்பானரே வைக்கவில்லை. ஷாக் மட்டும்தான் மாற்றினேன். ஆழியாறில் இருந்து நாற்பது கொண்டை ஊசி ஏறி, எஸ்டேட் ரோட்டில் இரண்டு நாள் அடித்து, திரும்பி வந்து அதே சிமென்ட் தரையில் அளந்தேன். அதே ஒரு சென்டிமீட்டர்.

கணக்குப்பிள்ளை:
இருவரும் ஒரு நிமிடம் நிற்க முடியுமா. எந்த ஷாக் என்று இதுவரை யாருமே சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. குழாய்க்குள் குழாய் வைத்த இரட்டைக் குழாய் ஷாக்கில் வாயு அழுத்தம் குறைவு, கம்பி வெளியே தள்ளும் விசை ஐந்தாறு கிலோதான் இருக்கும். ஒற்றைக் குழாய் ஷாக்கில் அழுத்தம் 20 பார், அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 20 கிலோ அளவுக்கு வரும். கம்பி 14 மில்லிமீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு ஒன்றரை சதுர சென்டிமீட்டர், ஆக ஒரு ஷாக் 30 கிலோ தள்ளும், நான்கும் சேர்ந்தால் 120. ஒரு டன் பக்கம் இருக்கிற வண்டியில் இரண்டு பேர் இறங்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். வாயுவை அதற்காக அடைக்கவில்லை என்பதும் உண்மை. கரடுமுரடான பாதையில் தொடர்ந்து ஓடும்போது எண்ணெய் சூடேறி நுரைத்தால் ஷாக் பிடிப்பை இழக்கும், அந்த நுரையைத் தடுக்கத்தான் வாயு. உயர்வது கூடவே வருகிற விளைவு. உங்களுடையது எது, வால்பாறை?

பிளேட்டுக்காரன்:
தாளில் கணக்குப் போட்டால் என் வீட்டு மாட்டுவண்டி கூட உயரும். 30 கிலோ என்பது பள்ளிக்கூடம் போகிற பையன் எடை. என் ஜிப்சியின் மூலையில் அவன் ஏறி நின்றால் ஒரு நூல் கூட இறங்காது, அவ்வளவு இறுக்கமான ஸ்பிரிங். ஒரு பையன் இறங்கியதால் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தது என்று என் முன்னால் வந்து காட்டுங்கள்.

வால்பாறை40:
நான்கு மூலையிலும் நான்கு பையன்கள். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? உங்கள் ஸ்பிரிங் அவ்வளவு இறுக்கமாக இருப்பதற்குக் காரணம் பிளேட்டுகளுக்கு நடுவில் துரு ஏறியிருப்பதாகத்தான் இருக்கும், அதைப் பெருமையாக வேறு சொல்கிறீர்கள்.

தேனிஜீப்:
சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்கு ஒன்பது வருடமாக ஆள் ஏற்றுகிறேன். எங்கள் மஹிந்திரா மேஜர் ஜீப்பில் ஒரு சீசன் முழுக்கப் பின் ஷாக் செத்தே ஓடியது, வண்டி உயரமும் மாறவில்லை, சவாரியும் நிற்கவில்லை. பிளேட் உரசலே பாதி ஷாக் வேலை செய்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற மெயின் பிளேட்டும், ஸ்பிரிங்கை அச்சோடு கட்டுகிற யூ போல்ட்டும் நன்றாக இருந்தால் மலை ஏறலாம், மற்றதெல்லாம் டவுன்காரர்கள் பேச்சு.

பிளேட்டுக்காரன்:
தம்பி, நீங்கள் என் பக்கம் பேசுகிறீர்கள் என்றாலும் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். செத்த ஷாக்கோடு ஆள் ஏற்றியது பெருமை இல்லை. கல்லில் துள்ளுகிற சக்கரம் தரையை விட்டு எழும்பும், அந்த நேரத்தில் பிரேக் பிடித்தால் எதைப் பிடிக்கும்? பின்னால் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தேனிஜீப்:
அந்த ரோட்டில் ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்து எனக்குப் பிரேக் சொல்லிக்கொடுங்கள். முதல் கியரில் போகிற இடத்தில் என்ன துள்ளல்.

புதியதார்:
2020-ல் வந்த மஹிந்திரா தாரில் பின்னாலும் காயில் (சுருள்) ஸ்பிரிங், முன்னால் இரட்டை விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாகத் தாங்குகிற இரண்டு கைகள். இந்தப் பிளேட் சண்டையே அதில் கிடையாது. பழைய இரும்பைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு வண்டியை மாற்றிவிடலாம். தவிர, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது, பதிவுச் சான்றில் இருக்கிற கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது.

வால்பாறை40:
தேய்ந்த ஷாக்குக்குப் பதில் அதே போல்ட்டில் அதே நீளத்தில் வேறு ஷாக் மாட்டுவதை அந்தப் பிரிவில் கொண்டுவந்து சேர்க்காதீர்கள். உங்கள் தாரில் மாட்டியிருக்கிற அகலமான டயரையும் இரும்பு பம்பரையும் போன மாதம் நீங்களே படம் போட்டீர்கள். அதற்கு எந்தப் பிரிவு?

புதியதார்:
அது வேறு விஷயம்.

பிளேட்டுக்காரன்:
எதுவும் வேறு விஷயம் இல்லை, எல்லாம் ஒன்றுதான். இங்கே கேட்பவர்களுக்காக முழுதாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள். வளைவு போய்த் தட்டையாகிவிட்டதா, பிளேட் விரிசல் விட்டிருக்கிறதா, பிளேட்டுகளைக் கோத்திருக்கிற சென்டர் போல்ட் சரியாக இருக்கிறதா, இடதும் வலதும் ஒரே உயரமா. அதைக் கழற்றி, துரு சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவி, புஷ் புதிதாகப் போட்டாலே பாதி உதறல் போய்விடும். உயரம் வேண்டுமென்றால் ஸ்பிரிங்கில்தான் வாங்க வேண்டும். இரண்டு அங்குலம் தூக்கினால் பழைய ஷாக் நீளம் பத்தாது, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்குக்கு முன்னால் ஷாக் இழுபட்டு அதன் கண் அறுந்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடும், அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் மாறி அதிரும். ஓரத்துக்குப் போகப் போக மெலிகிற பாராபோலிக் ஸ்பிரிங் போட்டால் பிளேட்டுகள் நடுவில் கட்டிய இடத்திலும் ஓரத்திலும் மட்டும்தான் தொடும், உரசல் குறைவு, அதனால் அதற்குப் பிடிப்பு அதிகமுள்ள ஷாக் வேண்டும். ஸ்பிரிங்கை முடிவு செய்துவிட்டுத்தான் அதற்கேற்ற ஷாக்கைத் தேட வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்காக ஷாக் வாங்குபவன் இந்த வரிசையையே தலைகீழாக்குகிறான்.

வால்பாறை40:
வரிசையைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்களா? இரண்டு வருடத்துக்கு முன் "சவாரி உதறினால் பின்னால் ஒரு பிளேட்டைக் கழற்றிவிடுங்கள், வேறு எதுவும் வேண்டாம்" என்று எனக்கு எழுதியது யார்? கழற்றினேன். மெயின் பிளேட் ஒன்பதாவது வளைவில் உடைந்தது. மனைவியும் குழந்தையும் வண்டியில். சாயங்காலம் வரை ரோட்டோரத்தில் நின்றோம். இப்போது இருப்பது அதற்குப் பிறகு வாங்கிய செட்தான். அன்றைக்கு ஒரு வார்த்தை வருத்தம் என்று நீங்கள் எழுதவில்லை.

பிளேட்டுக்காரன்:
மூன்றாவது பிளேட்டைக் கழற்றச் சொன்னேன். நீங்கள் இரண்டாவதைக் கழற்றியிருக்கிறீர்கள். மெயின் பிளேட்டுக்கு அடியில் தாங்கி நிற்பதே அதுதான், அதை எடுத்தால் உடையாமல் என்ன செய்யும்? பாரம் ஏற்ற வேண்டாம் என்றும் சொன்னேன்.

வால்பாறை40:
மூன்றாவது என்று நீங்கள் எழுதவே இல்லை. அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கட்டும்.

பிளேட்டுக்காரன்:
பிளேட்டைக் கழற்றுகிறவனுக்கு எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
ஒற்றைக் குழாயா இரட்டைக் குழாயா என்று இரண்டாவது முறையாகக் கேட்கிறேன். கழற்றி வைத்த ஷாக்கின் கம்பியைக் குளியலறைத் தராசில் குத்தி அமுக்கினாலே எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும்.

தேனிஜீப்:
தராசில் ஷாக்கை அமுக்குகிற நேரத்தில் நான் இரண்டு டிரிப் அடித்துவிடுவேன்.

பிளேட்டுக்காரன்:
அடியுங்கள், பின் ஷாக்கை மாற்றிவிட்டு அடியுங்கள். வால்பாறை, பழைய நான்கு ஷாக்கையும் திரும்ப மாட்டி, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, அதே தரையில் அளங்கள். அந்த ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் அப்புறம் பேசலாம்.

வால்பாறை40:
பழையது எண்ணெய் ஒழுகிப் பழைய இரும்புக்குப் போய்விட்டது, அதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தேன். 11-ம் 9-ம் நான் அளந்தது. அதில் மாற்றமில்லை.

பிளேட்டுக்காரன்:
அப்படியென்றால் சேலம் வாருங்கள். என் வண்டியில் உங்கள் ஷாக்கை மாட்டி, என் டேப்பில் அளப்போம்.

வால்பாறை40:
உங்கள் துருப்பிடித்த ஸ்பிரிங்கிலா?