பொலன்னறுவையை விட்டுவிடாதே, கார்த்திக்

கார்த்திக்: எல்லோருக்கும் வணக்கம். இலங்கைப் பயணத்துக்குத் திட்டம் போட்டாயிற்று. காலையில் சிகிரியா பாறைக்கோட்டை, மதியம் தம்புள்ளை குகைக் கோயில், இரவு கண்டி. பழைய தலைநகரான பொலன்னறுவை தள்ளி இருப்பதால் விட்டுவிட்டோம். கைடும் வேண்டாம், போனில் படித்துக்கொள்ளலாம் என்கிறார் அப்பா. நாளை வேனுக்குப் பணம் கட்ட வேண்டும், மாற்றம் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்.

மீனா அத்தை: பணம் கட்டாதே, பொறு. நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

மீனா அத்தை: எதை வேண்டுமானாலும் குறைத்துக்கொள், பொலன்னறுவையை மட்டும் விடாதே. சிகிரியாவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே கல் விகாரை என்று ஓர் இடம், ஒரே கருங்கல் பாறையில் வரிசையாகப் புத்தர் சிலைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். முதலாம் பராக்கிரமபாகு மன்னர் காலம், 12ஆம் நூற்றாண்டு. படுத்திருக்கும் சிலை மட்டும் 14 மீட்டர் நீளம். நாங்கள் போனபோது கைடு இல்லாவிட்டால் அடேயப்பா என்று பார்த்துவிட்டு நகர்ந்திருப்போம். அவர்தான் நிறுத்தி, தலையணையைப் பாருங்கள் என்றார். தலை பட்ட இடத்தில் தலையணை அமுங்கியிருக்கிறது. கல்லில் செய்த தலையணை அமுங்கியிருக்கிறது! அப்புறம் பாதங்களைக் காட்டினார். இரண்டு பாதமும் ஒரே நேராக இல்லை, மேலே இருப்பது லேசாகப் பின்வாங்கியிருக்கிறது. புத்தர் உறங்கவில்லை, பரிநிர்வாணம், அதாவது உடலை விட்டு முக்தி, அடைந்துவிட்டார் என்பதற்கு அதுதான் அடையாளமாம்.

செல்வம் சித்தப்பா: இதையெல்லாம் போனில் படித்தால் ஆகாதா அக்கா?

மீனா அத்தை: படிக்கலாம் செல்வம், ஆனால் படித்துக்கொண்டிருந்தால் பார்ப்பது எப்போது? வெயிலில் போனைத் தேய்த்துக்கொண்டே நடந்தவர்களையும் அங்கே பார்த்தேன், பாதத்துக்குப் பக்கத்தில் அவர்கள் யாருமே நிற்கவில்லை.

ரேவதி: வட்டதாகே என்ற வட்டமான புத்தர் கோயிலைச் சொல்ல மறந்துவிட்டாய் அம்மா. கார்த்திக், படிக்கட்டுக்குக் கீழே அரைவட்டமாக ஒரு கல் இருக்கும், சந்திரவட்டக்கல் என்பார்கள். அதற்கு முந்தைய தலைநகரான அனுராதபுரத்தில் அதே மாதிரிக் கல்லில் யானை, குதிரை, சிங்கம், எருது நான்கும் இருக்கும். பொலன்னறுவையில் எருது கிடையாது. நந்தியைக் காலால் மிதிக்கக் கூடாது என்று சைவர்களை மதித்து எடுத்துவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். நானே அதைத் தாண்டிப் போய்விட்டேன், கைடு கூப்பிட்டுக் காட்டினார்.

கார்த்திக்: அங்கே சைவர்கள் இருந்தார்களா?

மீனா அத்தை: நன்றாகக் கேட்டாய். 993 வாக்கில் ராஜராஜ சோழன் படை வந்த பிறகு அந்த ஊருக்கே சனநாதமங்கலம் என்று பெயர். 1070இல் முதலாம் விஜயபாகு மீட்கும் வரை சோழர் ஆட்சிதான். அப்போது கட்டிய சிவன் கோயில், வானவன்மாதேவி ஈச்சரம், இன்றைக்கும் விமானத்தோடு நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் நம் ஊர்க் கோயில்தான், நான் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். அதைவிட என்னை அசைத்தது ஒரு கல்வெட்டு. புத்தரின் பல்லை வைத்திருந்த கோயிலைக் காப்பது தங்கள் பொறுப்பு என்று மன்னரிடம் பணிபுரிந்த தென்னிந்திய வீரர்களான வேளைக்காரப் படையினர் எழுதி வைத்தது, அதுவும் தமிழில். சண்டை மட்டுமே சொல்லிக் கேட்டிருக்கிறோம், இதை யாரும் நமக்குச் சொன்னதில்லை. இதை எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கார்த்திக்: சரி அத்தை, பொலன்னறுவை உண்டு. அப்போது எதைக் குறைப்பது?

மீனா அத்தை: எதையும் வெட்டாதே, கூடுதலாக ஓர் இரவு தங்கு. ஒரே நாளில் சிகிரியாவும் தம்புள்ளையும் ஏறி, அப்படியே கண்டிக்கும் போவது பாட்டிக்கு ஆகாது.

லதா: அண்ணி, பாட்டிக்கு முழங்கால் வலி. சிகிரியா ஏற முடியுமா?

ரேவதி: கிட்டத்தட்ட 1,200 படி மாமி, வேண்டாம். பாட்டியோடு ஒருவர் கீழே தோட்டத்தில் இருக்கட்டும். காசியப்ப மன்னர் காலத்துத் தோட்டம், 5ஆம் நூற்றாண்டு, குளங்களும் நீரூற்றுகளும் உண்டு, தரையும் சமம். ஏறுகிறவர்கள் வாசல் திறந்ததும் தொடங்கிவிடுங்கள். ஓவியங்கள் இருக்கும் இடத்தில் படம் எடுக்கத் தடை. குளவிக்கூடு இருப்பதால் சத்தம் போடக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள், குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிடு.

மீனா அத்தை: வாசலில் சிலர் கைப்பிடித்து ஏற்றிவிடுகிறேன் என்று கூடவே வருவார்கள், மேலே போனபின் பெரிய தொகை கேட்பார்கள். அன்போடு மறுத்துவிடு. கைடு என்றால் சுற்றுலாத் துறையின் உரிம அட்டை இருக்கும், கேட்டு வாங்கிப் பார். தமிழ் பேசுபவர் வேண்டும் என்று முதலிலேயே சொல். தொகையையும், கடைகளுக்கு அழைத்துப் போக வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடு.

செல்வம் சித்தப்பா: உடை விஷயம்?

ரேவதி: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். செருப்பு, தொப்பி இரண்டையும் கழற்ற வேண்டும். மதியத்தில் கல் தரை சுடும், எல்லோரும் காலுறை கொண்டுபோங்கள். முக்கியமாக, புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்கக் கூடாது, அது அங்குள்ளவர்கள் மனதை மிகவும் புண்படுத்தும்.

லதா: தம்புள்ளையும் ஏற வேண்டுமா?

மீனா அத்தை: படி உண்டு லதா, ஆனால் சிகிரியா அளவுக்கு இல்லை. நிழலில் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம், அவசரப்படுத்தாமல் அழைத்துப் போங்கள். ஐந்து குகை, கூரை முழுக்க ஓவியம். பாறையின் மேடுபள்ளத்தோடு அப்படியே வரைந்திருப்பதால் துணி விரித்தது போல இருக்கும். வலகம்பா மன்னர் பகைவருக்கு அஞ்சி ஒளிந்திருந்த இடமாம், அரசு திரும்பக் கிடைத்ததும் கோயிலாக்கினார்.

கார்த்திக்: அப்பா சம்மதித்துவிட்டார். கல்வெட்டு தமிழில் இருக்கிறது என்றதும் அவரே கைடு எண் கேட்கிறார்.

மீனா அத்தை: கைடிடம் கேட்டுவிட்டு அவர் எண்ணை உனக்குத் தனியாக அனுப்புகிறேன். தேதியை மட்டும் இப்போதே சொல்.