நிழற்குடைல யார் பேரு? எம்பி நிதி, எம்எல்ஏ நிதி பத்தி மனசுல இருக்கறத சொல்லுங்க

கரிசல்மண்:
எங்க ஊர் விலக்குல எம்பி நிதில, அதாவது தொகுதி வேலைக்குன்னு எம்பி சிபாரிசு பண்ற அரசுப் பணத்துல, ஒரு நிழற்குடை கட்டிருக்காங்க. ஊர் பேரு ஓரத்துல சின்னதா இருக்கு, எம்பி பேரு நெத்தில ஒரு அடி உயர எழுத்துல, ரெண்டு பக்கமும் அவங்க கட்சித் தலைவர் படம். மேக்க பாத்து கட்டுனதால சாயங்காலம் வெயில் நேரா மூஞ்சில அடிக்குது, பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பளைங்க எல்லாம் பின்னாடி வேப்பமரத்தடிக்குத்தான் போறாங்க. இதுல எனக்கு வயிறு எரியுறது என்னன்னா, இதே ஆளு ஜெயிக்கிறதுக்கு முன்னாடி எங்க ஊர் மேடைல பேசுனத நான் நின்னு கேட்டவன், எம்பி நிதியே கமிஷன் அடிக்கத்தான் வெச்சிருக்காங்க அத ஒழிக்கணும்னு தொண்டை கிழிய பேசுனாரு. இப்ப போற இடமெல்லாம் "எனது நிதியிலிருந்து வழங்கினேன்"னு பேசுறாரு. உங்க நிதியா? அது எங்க வரிப்பணம் இல்லையா?

கணக்கு போட்டு பாருங்க. லோக்சபா 543, ராஜ்யசபா 245, மொத்தம் 788 பேரு, ஆளுக்கு வருஷம் 5 கோடி, 3,940 கோடி ஆச்சு. நம்ம தமிழ்நாட்டுல எம்எல்ஏவுக்கு 3 கோடி, 234 பேருக்கு 702 கோடி. வெளில நின்னா ஊழல்னு சொல்றது, உள்ள போனா பேர் பொறிச்சு ரிப்பன் வெட்டுறது, இந்த ரெட்டை நாக்கு எந்தக் கட்சிக்கு இல்லன்னு யாராவது சொல்லுங்க.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
தம்பி கோவம் நியாயம்தான் ஆனா பாதி விஷயத்த விட்டுட்டீங்க. ஊரக வளர்ச்சித் துறைல ரொம்ப வருஷம் இந்த வேலைகளுக்கு எஸ்டிமேட் போட்டவன், எம்புக், அதாவது முடிஞ்ச வேலைய அளந்து எழுதுற அளவுப் புத்தகம், எழுதுனவன்ங்கிற முறைல சொல்றேன். எம்பி கைக்கு ஒரு ரூபா வராது. அவரு இன்ன ஊர்ல இன்ன வேலைன்னு கலெக்டருக்கு லெட்டர் குடுப்பாரு, அவ்வளவுதான். நிர்வாக அனுமதி கலெக்டர், டெண்டர் அதிகாரிங்க, செக் மெஷர்மென்ட் போட்டு (மறுபடி அளந்து சரிபாத்து) பில் பாஸ் பண்றது எங்க ஆளுங்க. நிதியில 15 சதவீதம் எஸ்சி மக்கள் வாழற பகுதிக்கு, ஏழரை சதவீதம் எஸ்டி பகுதிக்கு போகணும்னு விதி இருக்கு. கோயில் சர்ச் மசூதிக்குள்ள ஒரு செங்கல் வைக்க முடியாது.

ஒரு ஊரு, பேரு வேண்டாம். அங்கன்வாடி ஓட்டுக் கட்டிடத்துல ஓடு விழுந்து ஒரு கொழந்தைக்கு மண்டைல தையல் போட்டாங்க. நாலு வருஷம் துறைக்கு எழுதி எழுதி கை ஓஞ்சு போச்சு, பதிலே கிடையாது. அப்புறம் அந்த ஊர் பொம்பளைங்க இருபது பேரு ஒரு கல்யாண வீட்டுல எம்பிய வழிமறிச்சாங்க, அடுத்த மாசமே லெட்டர் வந்துச்சு, எட்டு மாசத்துல கட்டிடம் நின்னுச்சு. அந்தக் கட்டிடத்துல அவரு பேரு இருக்குறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அந்தப் பிள்ளைங்க தலைக்கு மேல கான்கிரீட் இருக்கு.

சட்டம்படிக்கிறவன்:
ஓவர்சியர் சார், கல்வெட்டுல எம்பி பேரு போடச் சொல்லி விதியே இருக்கு, கட்சித் தலைவர் படம் போடச் சொல்லி எந்த விதில இருக்கு? கரிசல்மண் கேட்டது அதத்தான்.

ரெட்டை நாக்குக்கு நான் ஒரு உதாரணம் சொல்றேன். 2007ல இரண்டாவது நிர்வாக சீர்திருத்த ஆணையம் எம்பி நிதி எம்எல்ஏ நிதி ரெண்டையும் ஒழிச்சிடுங்கன்னு அறிக்கை குடுத்துச்சு. ஆணையத் தலைவர் காங்கிரஸ்காரர் வீரப்ப மொய்லி. அறிக்கைய வாங்கிக்கிட்டது காங்கிரஸ் தலைமைல நடந்த அரசு. 2011ல அதே அரசு என்ன செஞ்சது, எம்பி நிதிய வருஷத்துக்கு 2 கோடிலேர்ந்து 5 கோடியா ஆக்குச்சு, அப்ப மொய்லி மத்திய அமைச்சர். எதிர்ல உக்காந்திருந்த பிஜேபிய உத்தமர்னு நினைச்சுக்காதீங்க, 1998ல 1 கோடி 2 கோடியானது வாஜ்பாய் ஆட்சில.

சொன்ன சொல்லுல நின்னவங்க கம்மி. நம்ம முன்னாள் எம்பி இரா.செழியன் இந்தத் திட்டம் அரசியல் சட்டத்தோட அடிப்படைக்கே ஆகாது, பட்ஜெட்ட கேள்வி கேக்க வேண்டிய எம்பியே செலவு பண்றவரா மாறிட்டா யாரு கேள்வி கேக்குறதுன்னு வயசான காலத்துலயும் விடாம சொல்லிட்டு இருந்தாரு. யாரும் காது குடுக்கல. 2010ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதிகள் அமர்வு திட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு, எம்பி சிபாரிசுதான் பண்றாரு செலவு பண்றது நிர்வாகம்தான்னு. சட்டப்படி சரியா இருக்கலாம், ஆனா எங்க தாலுகால எம்பி லெட்டர கலெக்டர் திருப்பி அனுப்பிச்சாருன்னு நான் இதுவரை கேள்விப்பட்டதே இல்ல.

டெல்டாக்காரி:
நீங்க எல்லாரும் டெல்லில நின்னு பேசுற மாதிரியே இருக்கு, எங்க ஊர் கதைய கேளுங்க. 2016 அக்டோபர்ல பஞ்சாயத்து தலைவர் பதவிக்காலம் முடிஞ்சது, 2019 டிசம்பர்ல தேர்தல் நடக்கிற வரைக்கும் தனி அலுவலர் ஆட்சி, அதாவது தலைவருக்கு பதிலா ஒரு அரசு அதிகாரி, அவருக்கு எத்தன ஊரு பொறுப்புன்னு அவருக்கே தெரியாது. தெருக்குழாய்ல தண்ணி வரலன்னா யார்கிட்ட போறது? எங்க காலனில போர்வெல் வத்தி ஒன்றரை கிலோமீட்டர் வயல் வரப்புல நடந்து மோட்டார் கொட்டாய்ல தண்ணி எடுத்தோம். நானும் என் ஓரகத்தியும் எம்எல்ஏ ஆபிஸ் வாசல்ல மூணு தடவ நின்னோம், நாலாவது தடவ எம்எல்ஏ நிதில போர் போட்டு சின்டெக்ஸ் டேங்க் வெச்சாங்க. அந்த டேங்க் மேல பேரு பெயின்ட் அடிச்சாங்கன்னு நான் தண்ணிய வேணாம்னு சொல்லணுமா? ஒழிக்கணும் ஒழிக்கணும்னு சொல்றீங்களே, ஒழிச்சிட்டா நாங்க போய் நிக்க ஒரு வாசல் கூட இருக்காது.

கரிசல்மண்:
அக்கா நீங்க நின்ன வாசல நான் தப்பே சொல்லல. உங்கள அங்க நிக்க வெச்சது யாருன்னுதான் கேக்குறேன். பஞ்சாயத்துக்கு அதிகாரம் குடுக்குற 73வது அரசியல் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது 1993 ஏப்ரல் 24. நரசிம்ம ராவ் எம்பி நிதிய அறிவிச்சது அதே 1993 டிசம்பர் 23. நடுவுல ஜூலைல அவரோட மைனாரிட்டி அரசு நம்பிக்கையில்லா தீர்மானத்துல 14 ஓட்டுல தப்பிச்சது. குடிதண்ணி, தெரு விளக்கு, பாலம் எல்லாம் இனிமே பஞ்சாயத்து வேலைன்னு ஏப்ரல்ல எழுதி வெச்சவங்க எட்டு மாசத்துல அதே வேலைக்கு எம்பிக்கு தனிப் பணம் குடுத்தாங்க.

2016ல உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு ஹைகோர்ட்ல ரத்தாச்சு, ஆளுங்கட்சி எதிர்க்கட்சிய சொல்லுச்சு, எதிர்க்கட்சி ஆளுங்கட்சிய சொல்லுச்சு. உள்ளாட்சித் தேர்தல் நடத்தாம ஜனநாயகத்த கொன்னுட்டாங்கன்னு அன்னிக்கு பேசுனவங்க ஆட்சிலதான் 2025 ஜனவரில 28 மாவட்டத்துல பதவிக்காலம் முடிஞ்சு மறுபடி தனி அலுவலர் வந்தாங்க. இந்த ரெண்டு காலத்துலயும் எம்எல்ஏ நிதி ஒரு நாளாவது நின்னுச்சா? பஞ்சாயத்த பட்டினி போட்டுட்டு வாசல்ல நிக்க வெச்சு அள்ளிக் குடுக்குறது உதவி இல்லக்கா.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
பஞ்சாயத்து விஷயத்துல நீங்க சொல்றது சரி, அத நான் மறுக்கல. ஆனா ஒழிச்சுப் பாத்தவங்க கதையும் இருக்கு. பீகார்ல நிதிஷ்குமார் 2010 தேர்தல்ல ஜெயிச்சதும் எம்எல்ஏ நிதிய ஒழிச்சாரு, நாடே கை தட்டுச்சு. கொஞ்ச காலத்துல முதலமைச்சர் பேர்ல பகுதி வளர்ச்சித் திட்டம்னு ஒண்ணு வந்துச்சு, அதுலயும் வேலைய சிபாரிசு பண்றது எம்எல்ஏதான். கொரோனாவுல 2020 ஏப்ரல்ல எம்பி நிதிய ரெண்டு வருஷத்துக்கு நிறுத்துனாங்க, சுமார் 7,900 கோடி மத்திய அரசோட பொது நிதிக்கு போச்சு, அந்த நேரத்துல எங்க பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஆக்சிஜன் பைப்லைன் போட எம்பி கேட்டாரு, நிதி இல்ல. அப்புறம் 2021 நவம்பர்ல அவங்களே திருப்பி கொண்டு வந்தாங்க. நிறுத்துனப்ப மிச்சமான காசு எந்த ஊர் பஞ்சாயத்துக்கும் வரல தம்பி.

இன்னொண்ணு, 5 கோடி பெருசா தெரியுது, ஒரு தொகுதில சுமாரா 15 லட்சம் ஓட்டு, ஆளுக்கு 33 ரூபா. ஆறு சட்டமன்றத் தொகுதிக்கு பிரிச்சா 83 லட்சம், அதுலயும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2011ல போட்ட தொகை, அப்ப சிமென்ட் என்ன வெல இப்ப என்ன வெல.

சட்டம்படிக்கிறவன்:
தொகை சின்னதுன்னு சொல்றத என்னால ஏத்துக்க முடியல சார். 2005 டிசம்பர்ல டிவி சேனல் ரகசிய கேமராவுல எம்பிங்க இந்த நிதி வேலைக்கு கமிஷன் பேசுனது நாடே பாத்துச்சு, 2006 மார்ச்ல ஒரு ராஜ்யசபா உறுப்பினர அவையே நீக்குச்சு. நீங்க எம்புக் எழுதுனவரு, பர்சன்டேஜ் எங்க எங்க போகும்னு உங்களுக்கு தெரியாதா? எம்பி கைல காசு வரலன்னாலும் இன்ன கான்ட்ராக்டருக்குன்னு போன் வரும்ல?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
வரும். நான் பொய் சொல்ல மாட்டேன். போன் வந்திருக்கு, நானும் பேசாம இருந்திருக்கேன், ரெண்டு தடவ கம்பி கம்மியா போட்ட வேலைய பில் பாஸ் பண்ண மாட்டேன்னு நின்னு டிரான்ஸ்பர் வாங்கிருக்கேன். ஆனா அதே போன் நபார்டு வங்கிக் கடன்ல போடுற ரோடு வேலைக்கும் வரும், பஞ்சாயத்து பொது நிதி வேலைக்கும் வரும். எம்பி நிதிய மட்டும் ஒழிச்சா போன் நிக்காது.

டெல்டாக்காரி:
கரிசல் தம்பி, பேரு போடுறது எனக்கும் புடிக்காதுதான். எலக்ஷன் வந்தா எங்க டேங்க்ல பேரு மேல பேப்பர் ஒட்டி மறைக்கிறாங்க, முடிஞ்சதும் கிழிச்சிடுறாங்க. எலக்ஷன் அப்ப தப்புன்னா மத்த நாள்ல எப்படி சரியாகும்? ஆனா போன வருஷம் அந்த மோட்டார் எரிஞ்சு போச்சு, எம்எல்ஏ ஆபிஸ்ல கேட்டா பராமரிப்பு பஞ்சாயத்து வேலைங்கிறாங்க, தனி அலுவலர்கிட்ட கேட்டா நிதி இல்லங்கிறாரு. தலைக்கட்டுக்கு 200 ரூபா போட்டு நாங்களே காயில் கட்டுனோம். எங்க பேர எங்கயும் எழுதல.

கரிசல்மண்:
அக்கா இதைத்தான் நான் முதல்லேர்ந்து கத்திட்டு இருக்கேன். உங்க தெரு போட்ட 200 ரூபாதான் "வழங்கினோம்"னு எழுதத் தகுதியானது. ஓவர்சியர் ஐயா, முழுசா ஒழிக்க முடியாதுன்னே வெச்சுக்குவோம். எங்க ஊராட்சில அஞ்சு வருஷத்துல எம்பி நிதி எம்எல்ஏ நிதில என்னென்ன வேலை, எஸ்டிமேட் எவ்வளவு, யாரு கான்ட்ராக்ட்னு கிராம சபைல கேக்கணும்னு இருக்கேன். யார்கிட்ட எத கேட்டா மழுப்ப முடியாது?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
கிராம சபைல வாயால கேட்டா பாத்து சொல்றோம்னு முடிச்சிடுவாங்க. முதல்ல மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க, 30 நாள்ல பதில் குடுக்கணும். வேலை பேரு மட்டும் கேக்காதீங்க, நிர்வாக அனுமதி ஆர்டர் நகல், எம்புக் நகல், பயன்பாட்டுச் சான்று (பணத்த அந்த வேலைக்கே செலவு பண்ணோம்னு குடுக்குற தாள்) மூணும் வேணும்னு எழுதுங்க. எம்புக்ல நீளம் அகலம் உயரம் எழுதிருக்கும். கையில டேப் எடுத்துட்டு போய் அந்த நிழற்குடைய அளந்து பாருங்க, அளவு இடிச்சா அந்தத் தாளோட கிராம சபைக்கு போங்க. தளம் எத்தன இஞ்சுன்னும் பாருங்க, அதுலதான் கைய வைப்பாங்க.