மீள்: ‘மூலதனப் பூட்டு’ வேண்டாம் – ‘தங்குமுதல்’ என்று எழுதலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

‘கப்பிற்றல் லொக்-இன்’ (பங்குக்காரர் போட்ட காசைக் கம்பனியிடமிருந்து திரும்ப எடுக்கமுடியாத ஏற்பாடு) என்பதற்குத் தமிழ் கேட்டு அக்கா எழுதிய மடலுக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மூலதனப் பூட்டு, முடக்கு மூலதனம், நிலைமூலதனம். உயர்தர வகுப்புக்கு வணிகக் கல்வி படிப்பிக்கிறவன் என்ற முறையில் மூன்றையும் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் ஏதோ ஒன்று இடறுகிறது.

> லொக் என்றால் பூட்டு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. பூட்டு என்றதும் ஆளும் காசும் சேர்ந்தே உள்ளே அகப்பட்டதாகத்தான் காதில் விழுகிறது. முதலீட்டு நிதிகளில் ‘மூன்று வருடத்துக்கு எடுக்கமுடியாது’ என்பார்களே, அந்தப் பூட்டுக்காலம் ஆளைக் கட்டிப்போடுவது. நாம் தேடும் பொருள் வேறு. ஆள் நினைத்த நேரம் போகலாம்; தன் பங்கை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போகலாம். அவர் போட்ட காசு மட்டும் கம்பனியை விட்டு அசையாது. ஆள் போவதும் காசு நிற்பதும் ஒரே ஏற்பாட்டுக்குள் இருக்கின்றன. அதைச் சொல்லாத சொல் இங்கே உதவாது.

‘முடக்கு’ என்றால் வேலைசெய்யாமல் கிடப்பது. இந்தக் காசோ ஒரு நாளும் சும்மா கிடந்ததில்லை. ‘நிலைமூலதனம்’ கட்டடம், இயந்திரத்துக்குரிய ‘நிலையான மூலதனத்தோடு’ மோதும். பரீட்சையில் பிள்ளை குழம்பும்.

இந்த வித்தியாசத்தை நான் புத்தகத்தில் படிக்கமுதல் வீட்டில் பார்த்தேன். அப்பாவும் திருக்கடலூரைச் சேர்ந்த இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பழைய லொறியும் இரண்டு ஐஸ் பெட்டியும் வாங்கினார்கள். கரைவலையில் படும் மீனைக் கரையிலேயே கிடைத்த விலைக்குக் கொடுக்காமல் தாங்களே கொழும்புக்குக் கொண்டுபோவது என்று யோசனை. நான் அப்போது எட்டாம் வகுப்பு. ஒன்றரை வருடம் நல்லாய்த்தான் ஓடியது. பிறகு ஒரு கூட்டாளிக்கு மகளின் கலியாணம் பொருந்தியது. அவர் தன் காசைக் கேட்டார். கேட்டதில் பிழையில்லை, போட்டவர் கேட்கிறார். ஆனால் அந்தக் காசு லொறியாக நிற்கிறது. லொறியில் காற்பங்கைக் கழற்றிக் கொடுக்கமுடியுமா? அப்பாவின் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் லொறி விற்ற தொகை, கீழே ஒரு கோடு, நாலால் வகுத்த கணக்கு. அதற்குப் பிறகு வெறும் தாள்.

கரைவலையில் ‘பங்கு’ என்பதும் இதே சாதிதான். வலை இழுத்து, மீன் விற்று, செலவு கழித்து, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு இவ்வளவு, இழுத்தவர்களுக்கு இவ்வளவு என்று பிரித்தால் அந்தப் பங்கு முடிந்தது. நாளைக்குப் புதுக் கணக்கு.

1600இல் தொடங்கிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியும் ஆரம்பத்தில் கரைவலைக் கணக்குத்தான் பார்த்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் தனியே காசு சேர்ப்பது, கப்பல் திரும்பினால் சரக்கை விற்றுப் பிரிப்பது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1602இல் தங்கள் கிழக்கிந்தியக் கம்பனியைத் தொடங்கியபோது வேறு வழி எடுத்தார்கள். ஏறத்தாழ 6.4 மில்லியன் கில்டர் சேர்ந்தது. வியாபாரி மட்டுமல்ல, இயக்குநர் ஒருவரின் வீட்டில் வேலைசெய்த பெண்ணும் 100 கில்டர் போட்டாள். அரசு கொடுத்த பட்டயம் 21 ஆண்டுக்கு. ஆனால் 10 ஆண்டில் கணக்குக் காட்டவேண்டும், விரும்பினவர் அப்போது காசைத் திருப்பி எடுக்கலாம் என்று வாக்கு. 1612 வந்தது. கணக்கும் முடிக்கவில்லை, காசும் கொடுக்கவில்லை. 1622இல் பங்குக்காரர் துண்டுப்பிரசுரம் அச்சடித்துச் சண்டைபிடித்தார்கள். ஆனால் காசு தேவைப்பட்டவருக்கு வேறொரு வாசல் திறந்தே இருந்தது: கம்பனிக் கணக்காளரின் பேரேட்டில் தன் பெயரை வெட்டி வாங்குபவரின் பெயரை எழுதுவிப்பது. அப்படிக் கைமாறிக் கைமாறித்தான் அம்ஸ்ரடாமில் பங்குச்சந்தை உருவானது. கலியாணம் வந்தாலும் லொறியை விற்கத் தேவையில்லை.

அந்தக் காசு என்ன செய்தது என்று அறியத் திருகோணமலைக்காரர் தூரம் போகவேண்டியதில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகிற எவரும் பிரெட்றிக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போகிறோம். கோயிலை இடித்த கல்லால் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1639இல் பிடித்தது ஒல்லாந்த அரசல்ல, ஒரு கம்பனி. 1665இல் திரும்பக் கட்டியதும் அதே கம்பனி. ஒரு பயணத்துக்கென்று சேர்த்த காசால் கோட்டை கட்டமுடியாது. கல்லில் போட்ட காசு எந்தக் கப்பலில் ஏறித் திரும்பிவரும்? இருபது முப்பது வருடம் பொறுக்கக்கூடிய காசுதான் கல்லாகும். ஆங்கிலக் கம்பனியும் இதைக் கண்டு 1657இல் நிரந்தர முதலுக்கு மாறியது. 1795இல் சென்னையிலிருந்து வந்த பிரித்தானியப் படை இந்தக் கோட்டையைப் பிடித்தபின், சில ஆண்டுகள் இலங்கையின் கரையோரத்தை ஆண்டதும் அந்தக் கம்பனிதான். ஒரு கம்பனியிடமிருந்து இன்னொரு கம்பனிக்கு!

ஒன்றை மறைக்கக்கூடாது. ஒல்லாந்தக் கம்பனியின் வெற்றியைக் காசின் ஏற்பாடு மட்டும் கொண்டுவரவில்லை. நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே தனியுரிமை, படை வைக்க, போர் செய்ய, ஒப்பந்தம் எழுத அதிகாரம் எல்லாம் பட்டயத்தில் இருந்தன. 1610இல் கொடுத்த முதல் பங்கிலாபம் காசாக அல்ல, வசுவாசியாக (சாதிபத்திரி) கொடுக்கப்பட்டது. வசுவாசியும் சாதிக்காயும் விளைந்த, இன்றைய இந்தோனேசியாவிலுள்ள பண்டாத் தீவுகளில் 1621இல் மக்களைக் கொன்றும் பிடித்தும் தீவுகளை வெறுமையாக்கியதும் இதே கம்பனி. நம் சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது அதையும் எழுதவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

> வரையறுத்த பொறுப்புத்தான் கம்பனிகளை வளர்த்தது; இது சின்ன விடயம்.

காலத்தைப் பாருங்கள் தம்பி. இங்கிலாந்தில் வரையறுத்த பொறுப்புப் பொதுச் சட்டமானது 1855இல். அதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே கம்பனி காசு நின்று வேலைசெய்யத் தொடங்கிவிட்டது. வரையறுத்த பொறுப்பு, கம்பனிக் கடனிலிருந்து பங்குக்காரரின் வீட்டைக் காப்பாற்றுகிறது. இது பங்குக்காரரின் அவசரத்திலிருந்து கம்பனியைக் காப்பாற்றுகிறது. இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றல்ல.

ஆகவே என் முன்மொழிவு: தங்குமுதல். வினைத்தொகை. தங்கிய முதல், தங்குகின்ற முதல், தங்கும் முதல் என்று மூன்று காலத்துக்கும் விரியும். ஆள் போனாலும் தங்குவது எது என்று சொல்லே சொல்லுகிறது. இதற்கு எதிர்ச்சொல்லாக, பயணத்துக்குப் பயணம் பிரிப்பதை நடைமுதல் எனலாம். லொறிக்காரரும் வள்ளக்காரரும் ‘இரண்டு நடை போனேன்’ என்றுதானே சொல்கிறோம்.

கருத்துச் சொல்லுங்கள்.
திருகோணமலையிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

தங்குமுதல் எனக்குப் பிடித்திருக்கிறது. ‘ஆள் போகலாம், காசு நிற்கும்’ என்று நீங்கள் பிரித்துச் சொன்ன பிறகு ‘பூட்டு’ பக்கம் என்னால் போக முடியவில்லை. ஆனால் இரண்டு சந்தேகம். இங்கே தமிழ்நாட்டில் முதலீடு, மூலதனம் என்றே எழுதுகிறோம். ‘முதல்’ என்று தனியாக வந்தால் ‘முதலாவது’ என்று வாசித்துவிட மாட்டார்களா? இன்னொன்று, ‘நடைமுறை மூலதனம்’ என்று எங்கள் பாடப்புத்தகத்தில் ஒன்று இருக்கிறது, அன்றாடச் செலவுக்கான பணம். நடைமுதல் அதோடு குழம்பும்.

இந்தக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றும் வேண்டும். ஒல்லாந்தர் கதையோடு நின்றால் வரலாற்றுச் சொல் என்று ஒதுக்கிவிடுவார்கள்.
சென்னையிலிருந்து

---

அன்புள்ள தங்கச்சிக்கு,

இரண்டாவதை உடனே ஒத்துக்கொள்கிறேன். இங்கே அதைத் ‘தொழிற்படு மூலதனம்’ என்பதால் எனக்கு உறைக்கவில்லை. நடைமுதலை விடுவோம், பயணமுதல் என்றே இருக்கட்டும். அழகு கொஞ்சம் குறைந்தாலும் இரு கரையிலும் விளங்கும்.

‘முதல்’ பற்றி நான் பயப்படவில்லை. கைமுதல் என்றால் யாராவது முதலாவது கை என்று எடுக்கிறார்களா? ‘வட்டியும் முதலுமாக’, ‘முதலுக்கே மோசம்’, ‘போட்ட முதல்கூட வரவில்லை’ எல்லாம் சந்தையில் தினமும் பேசுவது. மூலதனம் எழுத்துக்கு வந்த சொல், முதல் வாய்ச்சொல். வழக்கில் இருப்பதை நாம் கைவிட்டால்தான் அது மங்கும்.

இந்தக் காலத்துக்கு அமேசனை வைக்கலாம். 1997இல் பங்கு வெளியிட்டது. 2001இன் கடைசிக் காலாண்டில்தான் முதன்முறை இலாபம் காட்டியது. பங்கிலாபம் இன்றுவரை ஒரு சதம் கொடுத்ததில்லை. பொறுமை இழந்தவர்கள் சந்தையில் விற்றுவிட்டுப் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். களஞ்சியம் கட்டிய காசு மட்டும் களஞ்சியமாகவே நின்றது. அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் பெர்க்சயர் கம்பனியின் கதையும் கிட்டத்தட்ட இதுதான்: அவர் கைக்கு வந்தபின் 1967இல் ஒருமுறை பங்கிலாபம் கொடுத்ததோடு சரி.

அகராதிக் குறிப்பை இப்படி எழுதியிருக்கிறேன். வெட்டுவதை வெட்டுங்கள்.

தங்குமுதல் – பங்குக்காரர் தம் பங்கைப் பிறருக்கு விற்று விலகலாம், ஆனால் கம்பனியிடமிருந்து திரும்பக் கேட்டு எடுக்கமுடியாது என்ற ஏற்பாட்டில் கம்பனியில் நிற்கும் முதல். எ-டு: கூட்டாளி விலகியும் லொறி விற்கப்படவில்லை, அது தங்குமுதலில் வாங்கியது.

புதன்கிழமை வகுப்பில் இந்த எடுத்துக்காட்டைத்தான் முதலில் எழுதப்போகிறேன். பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று வியாழன் இரவு எழுதுகிறேன்.